கிறுக்கெறும்பும் தராசுக்காரர் கண்ணும்

எங்கள் தோட்டத்துச் சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு ஆள் குனிந்தால் தலை நுழையும், அவ்வளவு பெரிசு. எலுமிச்சை மரத்துக்காக விட்டது. அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவில் வகிர்ந்து பங்கு போட்டபோது கோடு நேராக மரத்தின் தலையில் வந்து விழுந்தது. மரத்தை வெட்ட என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சுவரை ஒரு முழம் தள்ளி வைக்க என் கொழுந்தன் சம்மதிக்கவில்லை. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, அடிமரத்தைச் சுற்றி ஓட்டை விட்டுச் சுவரை எழுப்பினார். போகும்போது, "இனிமே காய்க்கிற பழத்தையும் நறுக்கித்தான் பங்கு போடணும்" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மாமனாரும் அந்த மரம் மாதிரிதான். ஒரு மாதம் எங்கள் பக்கம், ஒரு மாதம் அவர்கள் பக்கம். மரமாவது ஒரே இடத்தில் நிற்கிறது. இவர் முதல் தேதி பிறந்தால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாசலில் இறங்கி அடுத்த வாசலில் ஏறுவார். இரண்டு பக்கமும் அவருக்குத் தோட்டத்தைப் பார்த்த பின்னறைதான். இரண்டு ஜன்னலும் அந்த ஓட்டைக்கு அந்தண்டை ஒன்று, இந்தண்டை ஒன்று.

தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். மொத்தச் சந்தையில் காலமெல்லாம் மூட்டை நிறுத்தவர். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். ஒரு தட்டு ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆகவேண்டும். சின்ன வயதில் ஒரே ஒரு சட்டையை வாங்கி வந்து நடுக்கூடத்தில் போட்டு, "அடிச்சுக்கிட்டு ஜெயிச்சவன் எடுத்துக்கோ" என்பாராம். தோற்றவனுக்குத் தோற்றதற்காகத் தனியாக அடி. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுஷன் கிள்ளுவதோடு சரி. ஆட்டுகிற வேலையெல்லாம் கிடையாது.

அவருக்கு ஒரு கண் ஏற்கனவே இல்லை. சந்தையில் பெரிய தராசின் கொக்கி நழுவி வந்து வலக்கண்ணில் அடித்துவிட்டது. மிச்சமிருந்த இடக்கண்ணில் புரை வளர்ந்து, கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து அழைத்து வந்திருந்தோம். கண்ணுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றிப் பிளாஸ்திரி. டாக்டரம்மா அவரை உட்காரவைத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பெரியவரே, இருக்குறது இந்த ஒண்ணுதான். தூசி படக்கூடாது. கசக்கக்கூடாது. கையே கொண்டு போகக்கூடாது. மருந்து விட்டா எரியும். எவ்வளவு எரிஞ்சாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு படுத்திருக்கணும். புரியுதா?"

"புரியுது. எரியாத மருந்து எல்லாம் மருந்தா?" என்றார் மாமனார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு எறும்பு வந்தது. கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். யாரோ வீடு காலி செய்தவர்கள் கொடுத்தார்கள் என்று ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வண்டியில் ஏற்றி வந்து தோட்டத்தில் வைத்தார். ஓசி தொட்டி. அதன் மண்ணுக்குள்ளே குடும்பம் குட்டியோடு குடியிருந்தது கிறுக்கெறும்பு. மஞ்சளும் பழுப்புமாக, காலெல்லாம் நீளம் நீளமாக இருக்கும். மற்ற எறும்பு மாதிரி வரிசையில் போகிற ஒழுங்கெல்லாம் கிடையாது. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுகிற மாதிரி நாலாபக்கமும் ஓடும். கடிப்பதில்லை. பின்பக்கத்தைத் தூக்கி ஏதோ திராவகத்தைப் பீய்ச்சும். கையில் பட்டால் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சின்னவளின் கோழிக்குஞ்சுகள்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தன.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. தையல் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலையில் ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்டாள். கையில் இரண்டு குஞ்சு. முட்டையை விட்டு வந்த ஈரம்கூடக் காயவில்லை. கண் இரண்டும் வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவை அவள் உள்ளங்கையிலேயே சுற்றிச் சுற்றி நடந்தன.

"அக்கா, மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இதுங்க எதுக்கு உயிரோட இருக்குன்னு தெரியல" என்று அழுதாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள்ளே மாமனார் பிளாஸ்டிக் மூடியோடு மல்லாந்து படுத்திருந்தார். அவர் எனக்கு நல்லது ஒன்று செய்ததில்லை. ஆனாலும் கண் கண்தானே. அன்று முதல் எனக்கு ஒரே பயம்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பயமெல்லாம் இல்லை, கோபம்தான். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறவர். கம்பி சுற்றுகிற கையில் இருக்கிற பொறுமை வாயிலும் இல்லை, புத்தியிலும் இல்லை. "அவன் வீட்டு எறும்பு என் வீட்டுக்கு வருதா?" என்று கடைக்குப் போய் ஸ்பிரே டப்பா வாங்கி வந்து எங்கள் பக்கம் முழுக்க அடித்தார். செத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் ஓடியது. மறுநாள் கொழுந்தன் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தார். எல்லாம் இந்தப் பக்கம் வந்தது. இவர் திரும்ப அடித்தார். பந்து விளையாடுகிற மாதிரி எறும்பை வைத்து விளையாடினார்கள் இரண்டு மாடுகளும். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் எறும்பு இரண்டு மடங்காக இருந்தது. எலுமிச்சை இலையெல்லாம் மாவுப்பூச்சி வெள்ளை பூத்து, பிசுபிசுவென்று ஒட்டியது.

ஆட்டத்துக்கு நடுவர் யார்? தராசுக்காரர்தான். ஒரு கண்ணும் தெரியாமல் படுத்துக்கொண்டே, டப்பாவின் "உஸ்" சத்தத்தை வைத்துக் கணக்குச் சொல்வார்.

"டேய் பெரியவனே, நேத்து அவன் ரொம்ப நேரம் அடிச்சான்டா. நீ என்ன, சாமிக்குப் பன்னீர் தெளிக்கிற மாதிரி தெளிக்கிற?"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வீடு இரண்டுபட்டதில் இவருக்கு அப்படி ஒரு கொண்டாட்டம்.

நான் பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். சர்க்கரைப் பாகும் எறும்பும் எனக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு ஜாதி எறும்பு என்று பட்டது. வேலை முடிந்து வருகிற வழியில் உரக்கடையில் கேட்டேன். கடைக்கார அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஸ்பிரே டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

"இத அடிச்சுத்தாம்மா பெருக்கி வெச்சிருக்கீங்க. இதுக்கு ஒரு கூட்டுக்கு ஒரு ராணி இல்ல, நெறைய ராணி. அடிச்சா ஒவ்வொண்ணும் தனித்தனியா ஓடிப்போய்த் தனிக்குடித்தனம் வெச்சிடும். கேரம் போர்டுக்குப் போடுற போரிக் பவுடர் இருக்குல்ல, அதுல துளியூண்டு சர்க்கரைத் தண்ணில கலந்து பஞ்சுல நனைச்சு வைங்க. அதிகம் போட்டா வழியிலேயே செத்துடும், பிரயோஜனமில்ல. இதுங்க உயிரோட வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் ராணிக்கு ஊட்டணும். ஊட்டி ஊட்டியே சாகடிக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஆகும். பொறுத்துக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வைக்கணும். ஸ்பிரே தொடவே கூடாது. வேற இனிப்பு எங்கேயும் இருக்கக்கூடாது. இருந்தா அதைத் தேடிப் போயிடும்."

ஆண்பிள்ளைகளிடம் சொல்வதைவிட அம்மிக்கல்லிடம் சொல்லலாம். நான் சின்னவளிடம்தான் சொன்னேன். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனபிறகு, அவள் அந்தண்டையும் நான் இந்தண்டையுமாக ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பேசினோம். பாட்டில் மூடிகளில் பஞ்சை நனைத்து ஓட்டையைச் சுற்றியும் மரத்தடியிலும் வைத்தோம். இரண்டு வீட்டிலும் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தினோம். எறும்பு மொய்த்தது பார்க்க வேண்டுமே! பஞ்சே தெரியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் கசாப்புக்கடைக்காரனின் சந்தோஷம். தின்னுங்கடி, வீட்டுக்கும் எடுத்துக்கிட்டுப் போங்கடி என்று மனசுக்குள்ளே உபசரித்தேன். கொஞ்ச நாளில் சுவர்மேல் ஓட்டம் குறைந்தது. மாமனார் ஜன்னல் கட்டையில் ஒன்றுகூட இல்லை.

எறும்பு குறைந்ததில் வருத்தப்பட்ட ஒரே ஜீவன் மாமனார்தான். "உஸ்" சத்தம் நின்றுபோனது. மகன்கள் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அவருக்குப் பொழுது போகவில்லை. அந்த மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, உன் பொண்டாட்டி ஓட்டைக்குள்ள தலைய விட்டு அவகூட என்ன குசுகுசுன்னு பேசறான்னு என்னிக்காவது கேட்டியா? உன் சர்க்கரையக் கரைச்சு அவன் வீட்டு எறும்பைச் சாகடிச்சுக்கிட்டு இருக்கா. அவன் சும்மா உக்காந்து ஜெயிக்கிறான். நீ சர்க்கரை வாங்கிப் போடு."

இவர் அடுப்படிக்கு வந்த வேகத்தைப் பார்த்து நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என் வீட்டுச் சர்க்கரையில அவன் வீட்டு எறும்பு சாகணுமா?"

"எறும்புக்கு என்னங்க அவன் வீடு, இவன் வீடு? ரெண்டு பக்கமும் செத்தாத்தான் நமக்கும் போகும்."

"எனக்குப் போகலன்னாலும் பரவால்ல. அவனுக்குப் போகக்கூடாது."

தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை. இந்தப் பழமொழியைச் சொன்னவன் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு இருந்திருப்பான்.

நான் கெஞ்சினேன். கோபக்காரி நான், யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அன்று கெஞ்சினேன். "நாளைக்கு மாமா அந்தப் பக்கம் போறார். மிச்சமிருக்குற எறும்பெல்லாம் ஓட்டைகிட்ட மொய்ச்சுக் கிடக்கு. இப்ப நீங்க அடிச்சீங்கன்னா மொத்தமும் அந்த ஜன்னலுக்குத்தான் ஏறும். குஞ்சுங்களுக்கு ஆனது மறந்துபோச்சா? அந்த மனுஷனுக்கு இருக்குறது ஒரே கண்ணுங்க."

"ஜன்னலச் சாத்திக்கச் சொல்லு" என்றார்.

முதல் தேதி காலையில் தகரப் பெட்டி வாசல் மாறியது. சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியும் திணித்தாள். மருந்தை விட்டு, மூடியை ஒட்டி, "மாமா, எரிஞ்சாலும் கை வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். நானும் பேக்கரிக்குப் போனேன். டப்பாவைத்தான் ஒளித்துவைத்தேனே என்ற தைரியம் எனக்கு. என் வீட்டுக்காரர் கடைப் பக்கம் யாரிடமோ தோளில் மாட்டுகிற பம்ப் ஸ்பிரேயரையே இரவல் வாங்கி வருவார் என்று நான் கண்டேனா?

மத்தியானம் வந்திருக்கிறார். மூடிகளையெல்லாம் காலால் தட்டிவிட்டு, மரத்தடியிலிருந்து ஓட்டைவரை குளிப்பாட்டியிருக்கிறார். சுவரே ஊறிப்போயிருந்தது. எங்கள் பக்கம் ஒரு எறும்பு மிச்சமில்லை.

அந்தப் பக்கம் போனவை ஜன்னலில் திணித்த துணிக்கா நிற்கும்? அறைக்குள் நுழைந்து நேராகக் கட்டிலுக்குத்தான் போயிருக்கின்றன. ஏன் கட்டிலுக்கு என்று சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டவள் கத்தின கத்தலில் நான் ஓடினேன். மூன்று வருஷமாக நான் மிதிக்காத வாசல் அது.

தலையணை அசைகிற மாதிரி இருந்தது. எறும்பு. கழுத்து, காது, பிளாஸ்திரி ஓரம், மூடியின் ஒவ்வொரு ஓட்டையிலும் எறும்பு. அவர் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகப் படுத்திருந்தார். வாழ்நாளில் யார் சொன்னதையும் கேட்காத மனுஷன் அன்று டாக்டரம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தார்.

"யாரு, சின்னவளா?" என்றார். "இன்னிக்கு மருந்து ரொம்ப எரியுதும்மா. ஆனா நான் கையே வைக்கல."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தட்டினேன், துடைத்தேன், தலையணையை உருவி எறிந்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். கற்கண்டு. என் வீட்டுக்காரர் கடையில் பில்லுக்குப் பதிலாகக் கிழித்துக் கொடுக்கிற மஞ்சள் காகிதம். மாமனார் சர்க்கரை வியாதிக்காரர், யாரும் இனிப்புக் கொடுக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் ரகசியமாகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்துச் சேதி சொல்வதற்குக் கூலி. ஊரிலுள்ள இனிப்பையெல்லாம் நாங்கள் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம். அப்பன் தலைக்கு அடியிலேயே மகன் வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் மூடியை எடுத்த டாக்டரம்மா உடனே உள்ளே சேர்க்கச் சொன்னார். இரண்டு மூன்று நாள் ஏதேதோ ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்த பச்சைப் புண், உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். கடைசியில் இனி வெளிச்சம்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அழுதார். பொய் அழுகை இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதார். கட்டிலோரம் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரைக்கு இந்தண்டை தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றிருந்தேன். ஒரு சொல், "தப்புப் பண்ணிட்டியேடா" என்று ஒரு சொல் அந்த மனுஷன் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் அன்று மனிதராகியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

மாமனார் கேட்டார்: "உன் பக்கம் எறும்பு இருக்காடா?"

"இல்லப்பா. ஒண்ணுகூட இல்ல."

"அவன் பக்கம்?"

"நெறைய இருக்குப்பா."

"அப்ப ஜெயிச்சது நீதான்" என்று மகன் கையைத் தட்டிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ஆனால் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்ததே! ஒரே ஒரு சட்டைக்கு அடித்துக்கொண்டு ஜெயித்த பையனின் முகம். பார்க்கக்கூடாததைப் பார்த்தது மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

பிறகு கொழுந்தன் உள்ளே போனார். அவரும் அழுதார். "என் மாசத்துல இப்படி ஆயிடுச்சேப்பா."

"ஆனது ஆச்சு. கண்ணைக் கெடுத்தது பெரியவன்னு நாளைக்குத் தெருவே பேசும். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது. ஜெயிச்சது நீதான்டா" என்றார்.

கொழுந்தனும் அதே முகத்தோடு வெளியே வந்தார்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கொழுந்தன் பள்ளிக்கூட வேனிலேயே உட்காரவைத்து ஓட்டிவந்தார். தெருவில் எங்கள் இரண்டு வாசலும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் சுவரின் தலை. வேன் அதற்கு நேரே நின்றது. சின்னவள் தகரப் பெட்டியை இறக்கினாள். மாமனார் தடவித் தடவி இறங்கி நின்றார். அண்ணன் ஒரு வாசற்படியில், தம்பி ஒரு வாசற்படியில்.

"கூட்டிட்டுப் போ. உன் மாசம் இன்னும் முடியல" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணைக் கெடுத்தவன்தான் பாக்கணும். ஊர்ல யாரை வேணும்னாலும் கேளு" என்றார் கொழுந்தன்.

"தலையணைக்கு அடியில இருக்குறதப் பாக்காம உன் பொண்டாட்டி என்ன கிழிச்சா?"

"வெச்சது யாரு?"

மாமனார் முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். சத்தம் ஏறஏற அவருக்குக் குஷி என்று எனக்குத் தெரியும். ஆனால் வெயில் ஏறியது, சண்டை ஓயவில்லை, ஒருத்தனும் படியை விட்டு இறங்கவில்லை. அவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. சிரிப்பு நின்றது. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டினார். தராசுத் தட்டு மாதிரியே இரண்டும் காற்றில் ஆடின.

"டேய்... இது எந்தப் பக்கம்டா? யாராவது கையப் பிடிங்கடா."

அந்த மனுஷன் கேட்டு வாங்குகிற குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. மகன்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இறங்குகிறவன் தோற்றவன்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி எடுத்துவைத்தாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, விடுங்க. விழுந்துடுவார்."

"இரு" என்றேன். "ஜெயிச்சவங்க யாராவது பிடிக்கட்டும்."

யாரும் பிடிக்கவில்லை. நானும் அவள் கையை விடவில்லை.